வலி தணிப்பதும் சிகிச்சையே

காட்பாடியில் புறப்படும் ரயில் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போகிறது. நூறு கிலோமீட்டரை ஒட்டிய இந்தப் பாதையின் இரு முனைகளிலும் தென்னிந்தியாவின் பெரிய மருத்துவ நிலையங்கள் நிற்கின்றன. ஒரு முனையில், 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சித்தூர் மாவட்டத்திலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு. மறுமுனையில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடு 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், மக்கள் வழக்கில் ‘ஸ்விம்ஸ்’. அதையடுத்து எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கும் செயற்கை உறுப்புகளுக்கும் பெயர்பெற்ற ‘பர்ட்’, அரசின் ரூயா மருத்துவமனை. அலிபிரி அருகே தேவஸ்தானம் தந்த நிலத்தில் டாடா அறக்கட்டளை எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை 2022 மே 5 அன்று திறக்கப்பட்டது.

ஆந்திரத்துச் சித்தூர், திருப்பதி வட்டாரம் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இன்றும் பல வீடுகளில் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. நோய் என்று வந்துவிட்டால் இங்குள்ளவர்கள் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. கைக்கு எட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் கீமோதெரபியும் இந்த வட்டாரத்தில் கிடைக்கின்றன. அவை பலன் தராத கட்டத்தில் குடும்பத்தாரிடம் ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது: “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.” அதன் பிறகு நோயாளி ஊர் திரும்புகிறார். நோயும் வலியும் அவரோடு போகின்றன. சிகிச்சை மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிடுகிறது. அந்த வலியைத் தணிக்கும் அறிவு உலகில் இருக்கிறது. மருந்தும் விலை குறைந்தது. நோயாளியின் வீடு வரை அதைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

வலியை இழந்த கைகள்

வலி பற்றிய உலக மருத்துவ அறிவில் இந்த வட்டாரத்துக்கே ஒரு பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் கைகளை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு செத்ததும் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும், செருப்புக்குள் ஆணி குத்தினாலும் கை காலை விலக்கத் தோன்றுவதில்லை. காயம் மேல் காயம் பட்டு, சீழ் பிடித்து, விரல் குறைகிறது. தூக்கத்தில் எலி கடித்தும் சிலர் விரல் இழந்திருக்கிறார்கள். அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்ததாக அவர் பிறகு எழுதினார். 1948இல் அவர் தொடங்கிய தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை, மடங்கிப்போன ஆயிரக்கணக்கான கைகளை மீண்டும் வேலைக்குத் திருப்பியது. அவருடைய கண்டுபிடிப்பே இன்று சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் காக்கும் மருத்துவத்துக்கும் அடிப்படை.

இரண்டாவது பாடம் அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரத்திலிருந்து தொடங்குகிறது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, பொறுமையான பராமரிப்பு ஆகியவற்றை நம்பி அங்கே ஒரு சானடோரியம் எழுந்தது. மருந்து வந்த பிறகும், நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் போகவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, மற்றொரு பிரிவினருக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே அதே மாத்திரைகள். 1959இல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு அதிக ஆபத்து நேரவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு நகர்ந்தது இதன் பிறகுதான்.

வலி உடலுக்குத் தேவையான காவல் என்பது முதல் பாடம். முறையான மருந்தும் கண்காணிப்பும் இருந்தால் ஏழையின் வீடும் சிகிச்சைக்கு ஏற்ற இடமே என்பது இரண்டாவது. இன்றைய வலி மருத்துவம் இந்த இரண்டின் மேலும் நிற்கிறது.

காவல் தொல்லையாகும்போது

திருடன் போன பிறகும் இரவு முழுக்கக் குரைத்துக்கொண்டே இருக்கும் நாயால் வீட்டுக்குப் பயன் இல்லை. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியும், காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வரும் வலியும் அத்தகையவை. அவை எதையும் எச்சரிப்பதில்லை. அவற்றையே நோயாகக் கருதிச் சிகிச்சை தரவேண்டும்.

காயத்தின் அளவுதான் வலியின் அளவு என்ற பழைய கணக்கை 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் உடைத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில்போன்ற அமைப்பு இருக்கிறது, வலிச் செய்தி எவ்வளவு மேலே போகவேண்டும் என்பதை மூளையும் பிற உணர்வுகளும் அங்கே கூட்டிக் குறைக்கின்றன என்றார்கள். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் தறுவாயில் இருப்பவரின் வலியில் உடல், மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் கலந்திருப்பதைக் காட்டினார். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பதையும் சேர்த்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கும் வலி இருக்கலாம் என்றும் அது நினைவூட்டுகிறது.

மிளகாயின் காரத்தை நாக்கும் தோலும் எப்படி எரிச்சலாக உணர்கின்றன என்று தேடிய டேவிட் ஜூலியஸ், வெப்ப வலியை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்து 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே வலி அறியாத சில பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், நரம்பிலுள்ள ஒரு சோடியம் வாயில் பழுதாகியிருப்பதை 2006இல் கண்டார்கள். அந்த வகை வாயில்களை அடைக்கும் மருந்துக்கான தேடல் அதன்பின் வேகமெடுத்தது. அதே வகையைச் சேர்ந்த வேறொரு வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அபின் வகையைச் சேராத புது மருந்து என்பது அதன் சிறப்பு. ஆனால் அந்த ஒப்புதல் குறுகிய கால நடுத்தர, கடும் வலிக்கு மட்டுமே.

எல்லா முன்னேற்றமும் விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை வைத்து, இழந்த கையில் தோன்றும் வலிக்கு வைத்தியம் காட்டினார். இருக்கும் கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கும்போது இல்லாத கையும் அசைவதாக மூளை ஏற்கிறது. பலருக்கு வலி தளர்கிறது. காலை இழந்த ராணுவத்தினரிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வும் இதன் பயனை உறுதிசெய்தது. சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்கள் செயற்கைக் காலுக்காக வரும் எந்த ஊரிலும் இதைச் செய்ய முடியும்.

சோதித்துத் தேறியவை

வலியின் வகை எது என்று அறிவதுதான் சிகிச்சையின் முதல் படி. எரிச்சல், மதமதப்பு, மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுப்பது என்று நோயாளி சொன்னால் அது பெரும்பாலும் நரம்பு வலி. சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபாலின் மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2022இல் வெளியானது. மூன்றுமே ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. ஒன்று போதாதபோது இரண்டைச் சேர்த்துக் கொடுத்ததில் வலி மேலும் குறைந்தது. பழைய, மலிவான அமிட்ரிப்டிலினை எந்தச் சிறிய ஊர் மருந்துக் கடையிலும் வாங்கலாம். பக்கவிளைவு பார்த்து, வயதும் இதயநிலையும் பார்த்து மருத்துவர்தான் தேர்வு செய்யவேண்டும்.

சாதாரண முதுகு, கழுத்து வலிக்கு அபின் வகை மருந்து உதவாது. புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்காரர்களிடம் செய்யப்பட்டு 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அந்த மருந்து வெறும் போலி மாத்திரையைவிட மேலான பலன் எதையும் தரவில்லை.

புற்றுநோயின் கடும் வலியோ வேறு. அங்கே மார்ஃபினுக்கு இணையான எளிய மருந்து இன்றுவரை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகளாக வகுத்த முறை உலகெங்கும் பரவியது. லேசான வலிக்குப் பாரசிட்டமால் போன்றவை, நடுத்தர வலிக்கு வலுக் குறைந்த அபின் வகை, கடும் வலிக்கு மார்ஃபின். 2016இல் இத்தாலியில் 240 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு நடுப்படியையே கேள்விக்குள்ளாக்கியது. நடுத்தர வலிக்கே குறைந்த அளவு மார்ஃபின் பெற்றவர்களில் 88 விழுக்காட்டினருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வலுக் குறைந்த மருந்து பெற்றவர்களில் அது 58 விழுக்காடுதான். 2018இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, வலியின் கடுமைக்கு ஏற்ற மருந்திலிருந்தே தொடங்கலாம் என்றது. வாய்வழியாக, மணி தவறாமல், ஆளுக்கு ஏற்ற அளவில் தரவேண்டும் என்பது பழைய விதி. அது மாறவில்லை. மார்ஃபினோடு மலமிளக்கி மருந்தும் சேர்த்தே எழுதவேண்டும், இல்லையென்றால் மலச்சிக்கலே இன்னொரு வேதனையாகும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் மார்ஃபினின் கழிவு தேங்கும் என்பதால் அவர்களுக்கு ஃபென்டனில் போன்ற மாற்று தேவைப்படும்.

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்குக் கதிர்வீச்சு நல்ல மருந்து. பத்து நாள் வரை பிரித்துத் தருவது பழைய வழக்கம். ஒரே நாளில் 8 கிரே அளவு தருவதும் அதே அளவு வலி தணிப்பதாக, ஆயிரக்கணக்கான நோயாளிகளை உள்ளடக்கிய 2007 ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஒரே தவணை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மீண்டும் கதிர்வீச்சு தேவைப்பட்டது, பல தவணை பெற்றவர்களில் அது 8 விழுக்காடு. அந்த வேறுபாட்டை நோயாளியிடம் சொல்லிவிட்டே முடிவெடுக்கலாம். குப்பத்திலிருந்தோ புங்கனூரிலிருந்தோ கூலியை விட்டு, துணைக்கு ஆள் தேடி, திருப்பதியிலோ வேலூரிலோ அறை எடுத்துத் தங்கவேண்டிய குடும்பத்துக்கு ஒரு நாளுக்கும் பத்து நாளுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

மாத்திரைக்கு அப்பாலும் வழிகள் உண்டு. அழுகி நாறும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் துர்நாற்றம் அடங்கும். வீட்டாரும் அருகில் வந்து உட்காரத் தயங்கமாட்டார்கள். மூச்சுத் திணறும் நோயாளியின் முகத்துக்கு நேரே சிறிய கைவிசிறியால் காற்று படச் செய்தால் திணறல் குறைவதை 2010இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

இவை எல்லாம் சாவு நெருங்கிய பிறகு செய்பவை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை மாற்றும் ஆய்வு 2010இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு நோய் தெரிந்த நாளையொட்டியே, நோயின் வேதனைகளைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆதரவு பெற்றவர்களின் வாழ்க்கை நிம்மதியாக இருந்தது, மனச்சோர்வு குறைந்தது, கடைசி நாட்களில் வீணான கடும் சிகிச்சைகள் குறைந்தன. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். வலி தணிப்பது நோயோடு போராடுவதைக் கைவிடுவது என்று எண்ணுபவர்கள் இந்த எண்களைப் பார்க்கவேண்டும்.

பூட்டிய அலமாரி

அரசின் உரிமத்தோடு கசகசாச் செடியைப் பயிரிட்டு அபின் எடுக்கும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்தப் பயிர் வளர்கிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகுக்கு ஏற்றுமதியும் நடக்கிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான தண்டனைகளும், ஒவ்வொரு மாநிலமும் கேட்ட அடுக்கடுக்கான உரிமங்களும் மருத்துவமனைகளை மார்ஃபினிடமிருந்து விரட்டின. 1997இல் நாடு முழுவதற்கும் மருத்துவப் பயன்பாடு வெறும் 18 கிலோவாகச் சுருங்கியது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் பெற்றார்கள்.

பயம் நியாயமானதா என்பதைக் கோழிக்கோடு சோதித்தது. மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் சேர்ந்து 1993இல் அங்கே வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநோயாளிகளாக மார்ஃபினை வீட்டுக்குக் கொண்டுபோன 1,723 பேரின் இரண்டாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2001இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே போனதாகவோ ஒரு நிகழ்வும் அவர்கள் கண்ணில் படவில்லை. இத்தகைய சான்றுகளும் இடைவிடாத முயற்சியும் சேர்ந்துதான் 2014இல் சட்டத்தைத் திருத்தின. மார்ஃபின், ஃபென்டனில் முதலான ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலுக்கு வந்தன. பல துறைகளின் உரிமத்துக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் ஒரே அங்கீகாரம் போதும் என்று ஆனது.

சட்டம் திறந்தும் அலமாரி முழுதாகத் திறக்கவில்லை. 2017இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை, உலகில் ஓராண்டில் பகிரப்படும் சுமார் 298 டன் மார்ஃபின் நிகர் மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன் என்றது. இந்தியாவில் அப்போது கிடைத்தது தேவையில் நூற்றுக்கு நான்கு பங்குதான். உலகம் முழுதும் உள்ள இந்தப் பற்றாக்குறையைக் குறைந்த விலை மருந்தால் நிரப்ப ஆண்டுக்கு 14.5 கோடி டாலர் போதும் என்றும் அது கணக்கிட்டது.

அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துவோர் உண்டு. அங்கே 2022இல் அபின் வகை மருந்துகளால் 80,000 பேருக்கு மேல் இறந்தது உண்மை. 1990களில் நிறுவனங்கள் லாபத்துக்காக நாள்பட்ட சாதாரண வலிகளுக்கெல்லாம் அதை எழுதவைத்தன. பின்னர் கள்ளச்சந்தை ஃபென்டனில் வந்து மரணங்களைப் பெருக்கியது. அந்த நாடு கற்றுத் தருவது விளம்பரத்தைக் கட்டுப்படுத்து, தேவையற்ற இடத்தில் கொடுக்காதே என்பதை. புற்றுநோயாளிக்குக் கொடுக்காதே என்பதையல்ல.

எல்லையில் நடப்பது

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் இருக்கிறது. வேலூரில் சிகிச்சை பெற்றவர் திரும்பிப் போவது வேறொரு மாநிலத்துக்கு. மார்ஃபின் வழங்குவதை ஒழுங்குபடுத்துவதும், வீட்டுக்கு வரும் செவிலியரை நியமிப்பதும், காப்பீட்டு அட்டையைத் தருவதும் மாநில அரசுகள். ஒரு மாநிலத்தில் தொடங்கிய மருந்து தீர்ந்துபோனால் அடுத்த மாநிலத்தில் யாரிடம் போவது என்பது எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. வலி மருந்து பாதியில் நின்றால் வலி கடுமையாகத் திரும்பக்கூடும்.

தீர்வின் துண்டுகள் சுற்றிலும் கிடக்கின்றன. கேரளம் 2008இலேயே நோய் ஆதரவு சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, அதை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. அங்கே பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். தெலங்கானாவில் ஐதராபாத் எம்.என்.ஜே. புற்றுநோய் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி, மாவட்ட மருத்துவமனைப் படுக்கைகளாகவும் வீடு தேடிச் செல்லும் வண்டிகளாகவும் விரிந்தது. தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடக்கம். குப்பத்துக்கு அது அடுத்த மாவட்டம். ஆந்திரமும் 2023இல் தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே சென்று பார்ப்பதைச் சேர்த்தது. மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஸ்விம்ஸின் பரிசோதனைப் பேருந்து கிராமங்களுக்குப் போயிருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கப் போகும் பாதையில் நோயின் வலியைத் தணிக்கவும் போகலாம்.

செய்யவேண்டியவை தெளிவானவை. இரு மாவட்டங்களிலும் ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் வாய்வழி மார்ஃபின் இருப்பில் இருக்கவேண்டும், அதை எழுதப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவராவது இருக்கவேண்டும். வேலூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியின் சீட்டில் அடுத்த மாத மருந்து கிடைக்கும் இடமும், அழைக்கவேண்டிய எண்ணும் தெலுங்கிலும் தமிழிலும் இருக்கவேண்டும். செவிலியர் இரத்த அழுத்தத்தைக் குறிப்பதுபோல வலியையும் 0 முதல் 10 வரையான அளவில் ஒவ்வொரு முறையும் குறிக்கவேண்டும். இரவும் பகலும் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ புண் கட்டவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும் யாராவது வீட்டில் வந்து கற்றுத்தரவேண்டும். பலகோடி ரூபாய்க் கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் என்றால், முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்த வலி எந்த வகை? இதற்கு மார்ஃபின் தேவையா, தேவையென்றால் எங்கே கிடைக்கும்? நாங்கள் ஊருக்குப் போன பிறகு யாரை அழைக்கவேண்டும்? “புற்றுநோய் என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்தப் பதிலுக்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. குணப்படுத்த முடியாத நோய் இருக்கலாம், ஆனால் பெரும்பாலான வலியைத் தணிக்க முடியும். அதைத் தணிக்குமாறு கேட்பது நோயாளியின் உரிமை.